‘வருந்துகிறோம்’ மாப்பிள்ளை

வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு, நான் பார்த்து மெச்சிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றியே எழுதலாமா என்று கேட்டேன். கூடாதாம், வேறொருவராக இருக்க வேண்டுமாம். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கடைசியில் என் மாப்பிள்ளையைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தேன். ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனாலும் இதைப் பக்கத்தில் ஆளை உட்காரவைத்து எழுதி வாங்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து நானே எழுதியது. பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும். அதற்குத்தானே அவர் படித்திருக்கிறார்.

முதலில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மாப்பிள்ளையைப் புரியாது. நான் பூட்டு, தாழ்ப்பாள், கீல், கைப்பிடி விற்கிறவன். ஆரம்பத்தில் ஒரு தோள்பை நிறையத் தாழ்ப்பாள்களைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக, வீடு வீடாக ஏறி இறங்கினேன். எனக்கு ஒருவரும் ஒரு கை கொடுத்ததில்லை. இன்றைக்குக் கடைத்தெருவில் இரட்டை ஷட்டர் போட்ட கடை என்னுடையது. அதன் பின்னால் இருக்கும் வீடும் என்னுடையது. மாடியை நானே நின்று எழுப்பினேன். வாடிக்கையாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. பூட்டு திறக்கவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தால், "சாவிய ஒழுங்காப் போடுங்க" என்பேன். போடுவார்கள், திறக்கும்.

மாப்பிள்ளை இதற்கு நேர் எதிர்.

அவர் ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறார். ஒரு தடவை சாப்பாட்டுப் பை கொடுக்கப் போய்ப் பார்த்தேன். நீளமான கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எல்லோரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பொட்டலம் வராதவர்கள், உடைந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டவர்கள் எல்லோரும் திட்டி எழுதுகிறார்கள். இவர் பதில் எழுதுகிறார். ஒவ்வொரு பதிலும் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுதான் ஆரம்பிக்கும். புகார் வந்தால் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. புகார் சொன்னவர் சமாதானம் ஆனால் அது பச்சையாகும். ஆளைச் சமாதானப்படுத்த ஒரே வழி, அவர் கேட்டதைச் செய்து கொடுப்பதுதான். திரையில் ஒரு சிவப்பு இருந்தாலும் மாப்பிள்ளைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வராது. அந்த ஆபீசில் அவருக்குப் பெயரே ‘வருந்துகிறோம்’தான். "வருந்துகிறோம் வந்தாச்சா?", "வருந்துகிறோம் டீ குடிக்கப் போயிருக்கார்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் உட்கார்ந்த நாற்காலியின் கால் ஒடிந்தது. மனிதர் கீழே கிடந்தபடியே "சாரி" என்றார். எங்களைப் பார்த்து அல்ல, நாற்காலியைப் பார்த்து. என் மனைவி உள்ளே வந்து, "இந்தப் புள்ள நம்ம பொண்ண அதட்ட மாட்டாருங்க. முடிச்சிடுங்க" என்றாள். "அதட்டத் தெரியாதவன் சுவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டான்" என்றேன். கல்யாணம் நடந்தது. ஆணி இன்றுவரை நான்தான் அடிக்கிறேன்.

மகளும் அவரும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். லீவு நாட்களில் அவர் ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே இருப்பார். ஆபீஸ் புகாரை வீட்டுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். மகள்தான் சொன்னாள், அவர் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறார் என்று.

போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரை, அதில் எழுத்து. வேறொன்றும் இல்லை. நீங்கள் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். கையில் ஒரு பொட்டலம். மேலே விலாசம் அழிந்துபோயிருக்கிறது. மூடிக் கிடக்கும் பழைய கிடங்கு ஒன்றின் வாசலில் நிற்கிறீர்கள். அந்தப் பொட்டலம் யாருக்கு என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். என்ன செய்ய வேண்டுமோ அதை டைப் அடிக்க வேண்டும். ‘உள்ளே போ’ என்றால் போகும். ‘விளக்கை எடு’ என்றால் எடுக்கும். அதற்குத் தெரியாததைச் சொன்னால், ‘அதை எப்படிச் செய்வதென்று தெரியவில்லை’ என்று வரும்.

"படமே இல்லாம என்ன கேம் மாப்பிள்ளை?"

"மனசுக்குள்ள பாத்துக்கணும் மாமா."

"மனசுக்குள்ள பாக்கறதுக்கு எதுக்குக் கரண்ட்டு?"

"சாரி மாமா" என்றார்.

அந்த விளையாட்டை இன்டர்நெட்டில் எல்லோரும் இலவசமாக விளையாடிப் பார்க்கும்படி போட்டிருந்தார். இந்த மாதிரி சின்னச் சின்ன விளையாட்டுகளைத் தேடி எடுத்து விற்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அக்காளும் தம்பியுமாக இரண்டே பேர் நடத்துவது. அவர்கள் ஆரம்பத்திலேயே இதைப் பார்த்துப் பிடித்துப்போய், ‘ஆட்கள் விளையாடட்டும், என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள், மாசக் கடைசியில் வந்து முடிவு சொல்கிறோம்’ என்றிருக்கிறார்கள்.

மகள் ஒருநாள் அடுப்படியில் வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, அவர்கிட்ட கேட்டுக்காதீங்க. அவங்க இத எடுத்துக்கலன்னா, இனிமே கேம் செய்யற பக்கமே வர மாட்டேன்னு சொல்லிட்டார். அவருக்குன்னு அவர் செஞ்சது இது ஒண்ணுதான்ப்பா. மத்ததெல்லாம் யாராவது கேட்டு செஞ்சது."

"என் பொண்ணக் கட்டினது?"

"அதுகூட நீங்க கேட்டுத்தானே செஞ்சார்" என்றாள்.

விளையாடினவர்களின் கருத்துகள், ஆபீசில் போலவே சிவப்புப் புள்ளிகளாக, வரத் தொடங்கின. அதற்கு ஃபீட்பேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் கடையில் அதற்குப் பெயர் நச்சரிப்பு. ஒருவர், கிடங்குக்குள் இருட்டாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதினார். மாப்பிள்ளை ‘வருந்துகிறோம்’ என்று எழுதிவிட்டு உள்ளே ஒரு பல்பைப் போட்டார். இன்னொருவருக்கு, நாய் குரைத்துக்கொண்டே இருப்பதால் தலைவலி. எழுத்தில் குரைக்கிற நாயால் இவருக்குத் தலைவலி. மாப்பிள்ளை வருந்தினார். நாய் தூங்கப் போய்விட்டது. ‘கொளுத்து’ என்றால் புரியவில்லை, ‘பற்றவை’ என்றால்தான் விளக்கு எரிகிறது என்று ஒருவர் எழுதியது மட்டும் நியாயம். ஏணி ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். கிடங்கில் ஏணி எங்கே இருக்கும்? என் கடையில் ஏணி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த ஏணியும் பக்கத்தில் வந்து நின்றது.

பெரும்பாலான பேர் எழுதியது இரும்புக் கதவைப் பற்றித்தான். கிடங்கின் கீழ்த்தளத்தில் ஓர் இரும்புக் கதவு. யார் என்ன செய்தாலும் திறக்கவில்லை. ‘ஏமாற்று வேலை’, ‘செய்தவருக்கே திறக்கத் தெரியாது போலிருக்கிறது’, ‘என் வாழ்க்கையில் இதுவரை இருந்த கதவுகள் போதும்’ என்றெல்லாம் வந்தது. மாப்பிள்ளை எல்லோரிடமும் வருந்தினார். ஆனால் கதவை மட்டும் தொடவில்லை. அவ்வளவு சிவப்புக்கு நடுவில் உட்கார்ந்து, சாப்பாடு இறங்காமல் தவித்தார்.

அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன். பில் போடுவதற்குக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மதியம் வியாபாரம் மந்தமாகிற நேரத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கீழ்த்தளம் வரை போய்விட்டேன். ‘திற’ என்றேன். திறக்கவில்லை. ‘உதை’ என்றேன். ‘கால் வலிக்கிறது. கதவுக்கு வலிக்கவில்லை’ என்றது. ‘கடப்பாரையால் நெம்பு’ என்றேன். ‘உங்களிடம் கடப்பாரை இல்லை’ என்றது. என்னிடமா இல்லை? எட்டிப் பார்த்தால் ஷட்டருக்குப் பக்கத்தில் டஜன் கணக்கில் சாத்தி வைத்திருக்கிறேன். ‘பூட்டை அறு’ என்றேன். ‘இந்தக் கதவில் பூட்டு இல்லை’ என்றது. அதற்குப் பிறகு நான் டைப் அடித்ததை இந்த மலரில் போட முடியாது. ‘அப்படிப் பேசினாலும் திறக்காது’ என்று பதில் வந்தது.

நேரே மாடிக்குப் போனேன்.

"மாப்பிள்ளை, காலம் பூரா பூட்டு வித்தவன் சொல்றேன், கேட்டுக்குங்க. கதவுன்னா பூட்டு இருக்கணும். பூட்டுன்னா சாவி இருக்கணும். அந்தச் சாவிய மனுஷன் கண்ணுல படற மாதிரி மேசை மேல வைக்கணும். என்ன?"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வருந்துகிறேன் மாமா" என்றார். அன்று மாலையே இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு வந்தது. மேசை மேல் சாவியும் வந்தது. மறுநாள் எடுத்தேன், திறந்தேன், முடித்தேன். கடைத்தெரு முழுக்க நடந்துபோய், விளையாட்டை முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாசக் கடைசி வந்தது. அக்காளும் தம்பியும் வீட்டுக்கே வந்தார்கள். வீடு என்னுடையது என்பதால் நானும் கூட உட்கார்ந்தேன். பேச்செல்லாம் அக்காளுடையது. தம்பி பிஸ்கட் தின்றார். கம்ப்யூட்டரில் டைப் அடித்ததும் அக்காள்தான். உள்ளே போனாள், பல்பு எரிந்தது. நாய் தூங்கியது. ஏணி பக்கத்திலேயே நின்றது. சாவியை எடுத்தாள், கதவைத் திறந்தாள், பொட்டலத்தைக் கொடுத்தாள். என் மனைவி ஊற்றிக் கொடுத்த டீ அப்போதும் ஆறவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்" என்றார் மாப்பிள்ளை.

"என்ன சார் ஆச்சு இதுக்கு? அந்தக் கதவுகிட்ட நானும் இவனும் அடிச்சுக்காத குறை. ரெண்டு நாள் இவன் எங்கிட்ட பேசல. இப்ப என்னடான்னா ஓட்டல் ரூம் மாதிரி, சாவியக் கையில குடுத்து, லைட்டும் போட்டு வெச்சிருக்கீங்க. இதுல நாங்க என்ன செய்யறது, படுத்துத் தூங்கவா?"

"எல்லாரும் கேட்டாங்க. அதான்..."

"கேக்கத்தான் செய்வாங்க. இப்படியே இருந்தா எங்களுக்கு வேணாம் சார். திங்கக்கெழம வரைக்கும் பாக்கறோம்."

தம்பி எழுந்திருக்கும்போது, "பிஸ்கட் நல்லா இருந்துச்சு" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு வந்த நல்ல ஃபீட்பேக் அது ஒன்றுதான்.

அன்று மாலையே இன்னொரு கருத்தும் வந்தது. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஒருத்தி எழுதியது. மகள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ‘அந்தக் கதவை நான் ஒரு வாரமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் கொடுக்கும்போதுகூட அதே யோசனை. இன்றைக்கு ஒரு வழி தோன்றியது. வேலை முடிந்து ஓடி வந்து பார்த்தால் மேசையில் சாவி கிடக்கிறது. உங்களை யார் வைக்கச் சொன்னது? எடுங்கள் அதை.’

யார் வைக்கச் சொன்னது என்று மகளும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி அழுக்காக இருந்தது.

"இவங்க சாவிய எடுக்கச் சொல்றாங்க. மத்தவங்க வைக்கச் சொல்றாங்க" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டையும் பச்சையாக்க முடியாதே."

"அப்ப ஒண்ண செவப்பாவே விடுங்க" என்றாள் மகள்.

அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஆபீசில் இத்தனை வருஷத்தில் அவர் சந்திக்காத சங்கடம் அது. அங்கே ஒருவரின் பொட்டலத்தைக் கொடுத்தால் இன்னொருவரின் பொட்டலம் கெடாது. இங்கே ஒருவர் கேட்டதைக் கொடுத்தால் இன்னொருவர் ஆசையாக வைத்திருந்தது போய்விடுகிறது. எனக்கு அது அப்போதே புரிந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையில் அரை நாள் வேலை. பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர், "அண்ணே, அந்த கேம முடிச்சேன்னீங்களே, எப்படின்னு காட்டுங்க பாப்போம்" என்று வந்து நின்றார். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டினேன். உள்ளே போனால் இருட்டு. நாய் குரைக்கிறது. ஏணியைக் காணோம். எப்படியோ தடவித் தடவிக் கீழ்த்தளத்துக்குப் போனால், மேசை மேல் தூசிதான் இருக்கிறது. கதவில் பூட்டும் இல்லை.

"என்னண்ணே, சாவிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

ஷட்டரைக்கூட இறக்காமல் மாடிக்கு ஏறினேன். என் மனைவி துவைத்த துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போகிற வழியில் நின்றுவிட்டாள். நான் ஏறின ஏற்றம் அப்படி.

"மாப்பிள்ளை, சாவியக் காணோம்."

"எடுத்துட்டேன் மாமா."

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். உதடு குவிந்தது. அந்த ‘வ’ வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அதை அப்படியே விழுங்கினார்.

"முடியாது மாமா" என்றார்.

"என்ன முடியாது?"

"சாவிய வைக்க முடியாது. கதவு அப்படியேதான் இருக்கும்."

"நான் சொல்றேன் மாப்பிள்ளை..."

"நீங்க சொன்னீங்கன்னுதான் வெச்சேன். வெச்சதும் கேமே போச்சு. மாமா, நீங்க தெனம் சொல்லுவீங்களே, எனக்கு யாரும் ஒரு கை குடுக்கல, நானா ஏறி வந்தேன்னு. அன்னிக்கு யாராவது உங்களுக்கு சாவிய மேசை மேல வெச்சிருந்தா, இன்னிக்கு சொல்லிக்க உங்ககிட்ட என்ன இருந்திருக்கும்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, பதில் சொல்லுங்க. நாங்களும் கேட்டுக்கறோம்" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது. படிக்கட்டில் நின்று சொல்கிற பதில் இல்லை என்பதால் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன். என் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னவர்கள் குறைவு. ஒரு பேங்க் மேனேஜர், கட்டட அனுமதி கொடுக்கிற அதிகாரி, என் மனைவி. அவர்களோடு இப்போது மாப்பிள்ளையும் சேர்ந்தார். மேனேஜரும் அதிகாரியும் பிற்பாடு என் கடையில்தான் பூட்டு வாங்கினார்கள்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டிருந்தார். சாவி போனதைக் கேட்டு மறுபடியும் நச்சரிப்பு வந்து குவிந்தது. அதற்கெல்லாம் அவர் வருந்தவில்லையாம். ‘அந்தக் கதவு திறக்கும். இன்னும் யோசித்துப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதினாராம். எழுதிவிட்டு, சிவப்புப் புள்ளிகளைப் பார்க்க மாட்டாமல் மொட்டை மாடியில் போய் நின்றாராம். மகள் இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நாயைத் தாண்டி, இருட்டைத் தாண்டி, கதவுக்கு முன்னால் போய் நின்றேன். எதையும் டைப் அடிக்கவில்லை. மாப்பிள்ளை கேட்ட கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு யார் சாவி கொடுத்தார்கள்? எந்தக் கதவை நான் உடைத்தேன்? எதையும் உடைக்கவில்லை. தோள்பையை மாட்டிக்கொண்டு, மூடின கதவுக்கு முன்னால் விரலை மடக்கிக்கொண்டு நின்றவன் நான். உள்ளே ஆள் இருக்கும் என்று நம்பித்தான் நின்றேன். எல்லோரும் இந்தக் கிடங்கு காலி என்று நினைத்து உதைத்துக்கொண்டிருக்கிறோம். காலி என்று மாப்பிள்ளை எங்கேயும் எழுதவில்லை.

ஒரே ஒரு வார்த்தை டைப் அடித்தேன்.

‘உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது’ என்று வந்தது. ‘செருப்பை இழுத்து இழுத்து யாரோ வருகிறார்கள். கதவு திறக்கிறது. கிழட்டுக் காவலாளி ஒருவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். "இத்தன நாளா உதைச்சிட்டிருந்தது நீதானா?" என்கிறார்.’

பொட்டலம் அவருக்கு வந்ததுதான். வாங்கிக்கொண்டார். என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். கடைக்கு ஆள் வந்து கீல் வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என் கடையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அந்த அக்காள் போன் செய்தாள். மாப்பிள்ளை சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "சார், கதவு திரும்ப வந்துடுச்சு போலிருக்கே? இவன் மறுபடியும் எங்கிட்ட பேச மாட்டேங்கறான். நாங்க எடுத்துக்கறோம் சார்" என்றாள். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் "வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டார். பிறகு நன்றி என்று மாற்றிக்கொண்டார். டிக்கெட் கொடுக்கிற பெண்ணும் எழுதியிருந்தாள்: ‘திறந்துவிட்டேன். இப்போது நாய்தான் பிரச்சினை. அதை எப்படியாவது தூங்க வையுங்கள்.’ அது இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை இப்போதும் அதே கூடத்தில், அதே நாற்காலியில், பகல் முழுக்க வருந்திவிட்டுத்தான் வருகிறார். ஆணி நான்தான் அடிக்கிறேன். அவருடைய விளையாட்டு அந்தக் கம்பெனியின் விளையாட்டுகளோடு விற்கிறது. நம் சங்கத்து ஆட்களில் அந்தக் கதவை யார் உதவியும் இல்லாமல் திறந்தவன் நான் ஒருவன்தான். பெயிண்ட் கடைக்காரர் இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை எழுதி முடித்த பிறகு மாடிக்குப் போனேன். நான் டைப் அடித்த அந்த ஒரு வார்த்தையையும் மலரில் போட்டுவிடலாமா, சங்கத்து ஆட்கள் பாவம், சிரமப்படுகிறார்கள் என்று கேட்டேன்.

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"முடியாது மாமா."

ஆகவே போடவில்லை.